மழைக்கு மேலே பறக்கிறவள்

'தானே' புயலடித்துப் பதினெட்டு நாளாகியும் கடலூரில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. டிராவல்ஸ் கடைகளும் திறந்தபாடில்லை. அதனால்தான் என் விமான டிக்கெட்டின் தேதியை மாற்ற அம்மாவும் நானும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினோம். இருபத்தைந்தாம் தேதிக்குள் நியூசிலாந்துக்குத் திரும்பாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. எனக்குத் திரும்பிப் போக இஷ்டமில்லை. அதை அம்மாவிடம் சொல்ல எட்டு நாளாக வாய் வரவில்லை.

எப்படிச் சொல்வது? அம்மா ராஜாமணி சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் சாம்பார் கிண்டி ரிட்டையர் ஆனவள். அவள் மகள் பிரிசில்லாவாகிய நான் அரசு உதவித்தொகையில் பைலட்டுக்குப் படித்தவள். சர்ச்சிலும் ரேஷன் கடையிலும் மீன்காரியிடமும் அம்மா வாயைத் திறந்தால் இந்தக் கதைதான். பஸ்ஸில் ஏறி உட்கார்வதற்குள் கண்டக்டரிடமும் ஒரு தடவை சொல்லிவிட்டாள்.

பைலட் என்றதும் ஊரில் எல்லோருக்கும் பெரிய விமானம் ஞாபகம் வருகிறது. நான் ஓட்டுவது ஆறு பேர் உட்காரும் குட்டி விமானம். டூரிஸ்டுகளை ஏற்றிப் பனிமலைகளைச் சுற்றிக் காட்டி இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். வெயில் நாளென்றால் ஐந்து ட்ரிப். இடது பக்கம் பாருங்கள், பனியாறு. வலது பக்கம் பாருங்கள், ஏரி. அவர்கள் ஆகா ஆகா என்று போட்டோ எடுப்பார்கள். எனக்குக் காற்றையும் பாறையையும் கவனிக்கவே நேரம் சரியாக இருக்கும். மூன்று வருடத்தில் அந்த மலைகளின் அழகை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. போன மார்ச்சில் என்னோடு வேலை பார்த்த ஒருவன் மலையில் மோதிச் செத்துப்போனான். மறுநாள் காலை அவனுடைய ட்ரிப்பையும் நான்தான் ஓட்டினேன். அன்றிலிருந்து சீட்டில் உட்கார்ந்தாலே தோள் இரண்டும் இறுகிவிடுகின்றன. அலுப்பென்றால் தூங்கினாலும் தீராத அலுப்பு.

புதுச்சத்திரத்தைத் தாண்டியதும் ரோட்டோரம் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அம்மாவுக்குப் புயல் ஞாபகம் வந்துவிட்டது.

"விடியக்காலம் ஓடெல்லாம் பறக்குது. நான் கட்டிலுக்கடியில படுத்துக்கினு உன்னத்தான் நெனச்சன். எம்பொண்ணு மலைக்கி மேல பறக்கறவளாச்சே, அவளுக்கு இந்தத் தொல்லையில்லன்னு. அந்த நெனப்புலயே தூங்கிட்டன்."

"மலைக்கி மேல பறந்தா?"

"மேகம் கீல. மல கீல பேயிது. மேல வெயிலு. ஒரு பொட்டு நனைய மாட்டல்ல? நீதானடி மொத மொதல்ல போன்ல சொன்ன, மல மேல பறக்கறேம்மான்னு."

எங்கள் வீட்டில் யார் வாயிலும் 'ழ' நுழையாது. மழையும் மலதான், மலையும் மலதான். சிரிப்புதான் வந்தது முதலில். அப்புறம்தான் உறைத்தது, மூன்று வருடமாக நான் மழைக்கு மேலே பறப்பதாக அம்மா நினைத்திருக்கிறாள்.

"அம்மா, நான் சொன்னது பேயிற மல இல்ல. செஞ்சியில கோட்ட இருக்குதே, அந்த மாதிரி கல்லு மல. அதவிடப் பத்து மடங்கு ஒசரம்."

"அதுக்கு மேலதான பறக்கற?"

"எல்லா நேரமும் மேல இல்ல. ரெண்டு மலைக்கி நடுவுலயும் பூந்து வரணும்."

"எவ்ளோ கிட்ட?"

"அந்தா தெரியிதே தண்ணி டேங்க், அவ்ளோ கிட்ட."

அம்மா டேங்க்கையே பார்த்தாள். அது பின்னால் போய் மறைந்தபின், "யாருக்காச்சும் எதுனா ஆயிருக்கா?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை. மார்ச்சில் நடந்ததைச் சொன்னேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அம்மாதான் முதலில் இறங்கினாள்.

டிராவல்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "எந்தத் தேதி போடட்டும் மேடம்?" என்றார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"எந்தத் தேதியும் வாணாம்பா. அவ போவல," என்றாள் அம்மா.

"ஊர்ல எல்லாரும் கேப்பாங்களேம்மா."

"கேக்கட்டும். நான் நெனச்ச மல இல்ல, கல்லு மலயின்னு சொல்லிக்கறன்."

மார்ச்சிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை அந்த 'அவ போவல'தான். சந்தோஷப்படக்கூட முடியாமல் நாற்காலியில் சரிந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ள செத்தானே, அன்னிக்கி நீ எனக்குப் போன் பண்ணியா?"

"பண்ணன்."

"நான் என்னா பேசினன்?"

"கருவாட்டுக் கொலம்புல உப்பு ஜாஸ்தியாப் பூடுச்சின்னு சொன்ன. அரமணி நேரம் அதத்தான் பேசினோம்."

அம்மா கடையென்றும் பாராமல் ஓவென்று அழுதாள். கடைக்காரர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.