அந்த ஐந்து மூச்சு

நானும் அண்ணனும் முப்பது வருடமாகத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர்கள். ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டாலே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அண்ணன் சொல்லிவிடுவான். எனக்கும் அந்தக் காது உண்டு; வாய் மட்டும் அவனைவிட நாலு மடங்கு. சுவிட்சை அணைத்த பிறகும், சுழல்வது முழுக்க நிற்கும்வரை மோட்டாரிலிருந்து கையை எடுக்கக் கூடாது என்பது பட்டறையில் அவன் போட்ட சட்டம். எடுத்தால் வசவு நிச்சயம்.

அப்படிப்பட்டவன் மூளையில் ரத்தம் கசிந்து விழுந்து, ஆறு நாளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடந்தான். வென்டிலேட்டர் மூச்சு கொடுத்தது. இனி அவன் எழ வழியில்லை, மெஷினை நிறுத்துவதா என்று வீட்டார்தான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டரம்மா. அண்ணி என்னைப் பார்த்தார்.

“மெஷினைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும் தம்பி. நீங்க சரின்னா கையெழுத்துப் போடுறேன்.”

நான் சரி சொல்லவில்லை. நிமிடத்துக்குப் பதினாலு மூச்சு என்று மெஷினில் வைத்திருந்தார்கள். திரையிலோ அன்று காலையிலிருந்து பத்தொன்பது ஓடியது.

“அப்ப மிச்சம் அஞ்சு யாரோடது?” என்று கேட்டேன். “எங்கண்ணனோடது.”

சில சமயம் மெஷின் ஏமாறும், எதற்கும் நாளைக்கு மறுபடி சோதிக்கலாம் என்றார் டாக்டரம்மா. மெஷினைப் பற்றி எனக்கே பாடமா என்று எகிறினேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த ஐந்து மூச்சை நம்பி அன்றைக்குத்தான் அண்ணி ஒரு வாய் சாப்பிட்டார். வராந்தாவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நான் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கட்டிலருகே நின்று மெஷினைக் கேட்டேன். சீரான சத்தம்தான். அதற்கு அடியில் களகளவென்று இன்னொன்று. குழாய் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கிற சத்தம், எனக்கா தெரியாது? குனிந்தேன். மெஷினிலிருந்து அண்ணன் வாய்க்குப் போகிற குழாய் கட்டிலோரம் தொய்ந்திருந்தது. ஈரக்காற்று குளிர்ந்து, வளைவில் ஒரு மடக்குத் தண்ணீர் சேர்ந்திருந்தது. அது குலுங்கும்போது அண்ணன்தான் மூச்சு இழுக்கிறான் என்று நினைத்து, மெஷின் ஒரு மூச்சு கூடுதலாகத் தள்ளியது. வாழ்நாளெல்லாம் குழாயோடு மாரடித்தவன், ஒரு நாள் முழுக்கத் திரையில் ஓடிய எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அண்ணி இன்னொரு வேளை சாப்பிட்டிருப்பார். ஆனால் ஓடாத மோட்டாரை ஓடுகிறது என்று சொல்லி அண்ணன் ஒருவரையும் அனுப்பியதில்லை.

“சிஸ்டர், குழாயில தண்ணி நிக்குது. எடுத்துடுங்க.”

எடுத்தார். பதினெட்டு, பதினாறு, பதினாலு. எண் அங்கேயே நின்றுவிட்டது. சிஸ்டர் முன்னாலேயே அழுதேன்.

இரண்டு டாக்டர்கள் முறைப்படி சோதித்தார்கள். சொந்த மூச்சு ஒன்றுகூட இல்லை. அண்ணியிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு வென்டிலேட்டரை நிறுத்தினார்கள். அண்ணன் நெஞ்சில் கையை வைத்தேன். என் கைமேல் அண்ணி கையை வைத்தார்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு இல்லை, கரண்ட் இல்லை, யார் தயவும் இல்லை, ஆனாலும் ஓடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அறுபத்தொரு வருடம் ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல், எண்ணெய் விடாமல், கழற்றி மாட்டாமல் ஓடியிருக்கிறது. கைப்பிடி அளவுதான் இருக்கும். எத்தனையோ மோட்டாரைப் பிரித்துப் போட்டவன், இப்படி ஒன்றைத் தொட்டதே இல்லை. இதைச் செய்தவர் யாரோ, காலில் விழ வேண்டும் என்று தோன்றியது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வேகம் குறைந்தது. ஒரு துடிப்பு, நீண்ட இடைவெளி, இன்னொரு துடிப்பு. சிஸ்டர் என் தோளைத் தொட்டார். இன்னும் நிற்கவில்லை என்று தலையசைத்தேன்.

பிறகு வெகுநேரம் கையில் ஒன்றும் வரவில்லை. நான் அப்படியே இருந்தேன். அண்ணிதான் என் விரல்களை மெல்லப் பிடித்தார்.

“நின்னுடுச்சு தம்பி. இப்ப கையை எடுக்கலாம்.”