முதுகில் விழுந்த அடி

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதுகைத்தான் கேட்டார்கள்.

எப்படி இருக்கீய அண்ணாச்சி என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்கள். உள்ளே வந்து தண்ணீர் குடித்து, மழை இல்லாததைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியபின், கொஞ்சம் திரும்பி உட்காருங்களேன் என்பார்கள். மருதப்பன் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தால் அவர்களுக்கு இன்னும் வசதி. வலது தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை குறுக்காக ஓடிய தடிப்பை, சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல் குனிந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஒரு "ம்ம்" போடுவார்கள். அடியைத் தாங்கிய மருதப்பனால் அந்த "ம்ம்"மைத் தாங்க முடியவில்லை.

அடி நெஞ்சில் விழுந்திருந்தால் அந்த ஊரே மாலையோடு வந்திருக்கும். முதுகில் விழுந்த அடிக்கு அங்கே ஒரே அர்த்தம்தான். ஆள் ஓடியிருக்கிறான்.

மருதப்பனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. திருவேங்கடம் ஊர்ப் பக்கம் அவர் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் கரிசல் நிலம் உண்டு. நிலத்தைவிடப் பெரிதாகப் பெயர் உண்டு. அம்மன் கொடையில் முதல் பரிவட்டம் அந்த வீட்டுத் தலைக்குத்தான் கட்டுவார்கள். நாற்பத்திரண்டாம் வருஷம் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் மருதப்பன் ஜெயிலுக்குப் போனபோது, வீட்டு மானம் போச்சு என்று அண்ணன் சங்கரபாண்டி குதித்தார். சுதந்திரம் வந்த பிறகு அதே அண்ணன், என் தம்பி வெள்ளைக்காரன் ஜெயிலைப் பார்த்தவன் என்று சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

ஐம்பத்திரண்டாம் வருஷம் நூல் பஞ்சம் வந்தது. சங்கரன்கோவிலிலும் புளியங்குடியிலும் தறிகள் நின்றன. நாலு ஊருக்குச் சேலை நெய்து கொடுத்தவர்கள் கஞ்சித் தொட்டி வாசலில் சட்டியோடு நின்றார்கள். அதிகாரிகள் முன்னால் நிமிர்ந்து நின்று பேச ஓர் ஆள் வேண்டும் என்று கடையநல்லூர் நெசவாளி சுலைமான் மருதப்பனைத் தேடி வந்தார். தறிக்காரனுக்காக நம்ம வீட்டு ஆள் எதற்குத் தெருவில் இறங்க வேண்டும் என்று சங்கரபாண்டி கேட்டார். மருதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் பதில் சொல்லுகிற விதம் அது.

ஊர்வலம் சங்கரன்கோவில் தேரடியில் புறப்பட்டுத் தாலுகா கச்சேரி முன்னால் வந்து நின்றபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கச்சேரி வாசலை மறித்து, வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கிய ரிசர்வ் போலீஸார் நீளமான மூங்கில் தடிகளோடு நின்றார்கள். கூட்டம் பெரிது. ஆனால் பசித்த கூட்டம் என்பதால் சத்தம் பெரிதாக இல்லை. மருதப்பன் முன்வரிசையில் நின்று அதிகாரியோடு பேசினார். பத்துப் பேர் உள்ளே வந்து மனுக் கொடுக்கலாம் என்று அதிகாரி இறங்கி வந்தார். காரியம் கைகூடிவிட்டது என்றுதான் மருதப்பன் நினைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு கல் பறந்து கச்சேரி ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. அடுத்தது ஒரு போலீஸ்காரர் காலடியில் விழுந்தது. மருதப்பன் திரும்பினார். நெசவாளிகளுக்கு நடுவில், எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக, மூன்றாவது கல்லை ஓங்கிக்கொண்டு நின்றான் இசக்கிப்பாண்டி. சங்கரபாண்டியின் ஒரே மகன். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வாங்கச் சங்கரன்கோவிலுக்கு வந்தவன். நூலுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. கூட்டத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

"ஏலே இசக்கிப்பாண்டி, கல்லக் கீழ போடுலே!"

இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு மருதப்பன் கத்தினார். முதுகு போலீஸைப் பார்த்து இருந்தது. விசில் ஊதிய சத்தம் கேட்டது.

முதல் அடி விழுந்தபோது வலிக்கவில்லை. யாரோ முதுகில் கதவைச் சாத்தியது போல் இருந்தது. காது அடைத்துப் போனது. எதிரே இருந்தவர்களின் வாய்கள் திறந்து மூடுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. கையை இறக்கினால் கல் மறுபடி பறக்கும் என்பது மட்டும் மனதில் இருந்தது. அதனால் கையை இறக்கவில்லை. இரண்டாவது அடி அதே தடத்தில் விழுந்தது. இப்போது நெருப்பு. இசக்கிப்பாண்டி கல்லை நழுவவிட்டு ஓடுவதைப் பார்த்தார். சுலைமான் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு தரையில் சுருண்டிருப்பதைப் பார்த்தார். மூன்றாவது அடியில் முழங்கால் மடிந்தது. விழுந்தவரின் மணிக்கட்டை ஒரு பூட்ஸ் மிதித்துக்கொண்டு போனது. கண்ணுக்கு நேரே ஒரு கஞ்சிச் சட்டி கவிழ்ந்து உருண்டது.

ஒற்றைக் கையைப் பிடித்து இழுத்து லாரியில் ஏற்றினார்கள். மூட்டைகளைப்போல ஆள்மேல் ஆள் கிடந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜிப்பாவைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. துணியும் தோலும் ஒட்டிப் போயிருந்தன.

ஜாமீனில் வீட்டுக்கு வந்து படுத்ததும் வழக்கு பின்னாலேயே வந்தது. கூட்டத்தைத் தூண்டியது, கல்லெறிந்தது, போலீஸ் மேல் பாய்ந்தது. நிரூபணமானால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும்.

முதுகைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் வக்கீல் ஆறுமுகச்சாமி. திருநெல்வேலியில் வளர்ந்தவர். சட்டம் தெரியும், கரிசல் தெரியாது. போலீஸ்மேல் பாய்ந்தவனுக்கு அடி நெஞ்சில் விழும், உமக்கு முதுகில் விழுந்திருக்கிறது, ஆகவே நீர் ஓடிக்கொண்டிருந்தீர், டாக்டர் சாட்சி சொல்லுவார், வழக்கு அன்றைக்கே முடிந்தது என்று கையைத் தட்டினார்.

"நான் ஓடல" என்றார் மருதப்பன்.

"ஓடினா என்ன வே? அம்புட்டுப் பேரும் ஓடினானே."

"அவங்க ஓடினாங்க. நான் ஓடல."

"அப்பம் எதுக்குத் திரும்பினீரு?"

மருதப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் அண்ணன் மகன் கம்பி எண்ணுவான். வீட்டுக்கு ஒரே ஆண் வாரிசு, கச்சேரிக் கண்ணாடியைக் கல்லால் அடித்துவிட்டு ஓடியவன் என்று ஊர் பேசும். பொய்யைச் சொன்னால், ஓடினவர் என்ற பேர் வரும். இரண்டையும் சொல்லாமல் இருந்தால் ஜெயில். மூன்றில் ஜெயில்தான் மானமாக இருந்தது. அவர் நின்றதை நேரே பார்த்தவர் சுலைமான். சாட்சி சொல்ல வருகிறேன் என்று ஆள்மேல் ஆள் விட்டார். ஏன் திரும்பினார் என்று கோர்ட்டில் கேட்பார்களே என்று மருதப்பனே அவர் வாயையும் அடைத்துவிட்டார்.

மனைவி ஆவுடையம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. அவளிடமும் அவர் சொல்லவில்லை. அவள் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஓடினேன்னு ஒரு வார்த்த. சொன்னா வாய் சுளுக்கிக்கிடுமா? நாட்டுல ஓடாதவுக யாரு?"

"பத்த மட்டும் போடு."

"முதுகுதான் இப்படி ஆயிட்டு. மண்டையுமா?"

சங்கரபாண்டி ஒருநாள் வந்தார். உட்காரவில்லை. மகன் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

"ஏலே, வக்கீலு என்னமோ சொல்லச் சொல்லுதானாமே. நம்ம வீட்டுல எவனும் முதுகு காட்டினது கெடையாது. நீ காட்டினியா இல்லையான்னு நான் கேக்கல. கேட்டு வேற தொலைக்கணுமா? கோர்ட்டுல நின்னு ஓடினேன்னு உன் வாயால சொன்னே, அன்னையோட நீ எனக்குத் தம்பி இல்ல. வருசக்கணக்கா வேணும்னாலும் உள்ள கெட. சோறு நான் அனுப்புதேன்."

"சரிண்ணே."

"இவனப் பாரு. தான் உண்டு, தன் சோலி உண்டுன்னு கெடக்கான். ஒரு வம்பு உண்டா, வழக்கு உண்டா? நீயும் இருக்கியே."

மருதப்பன் இசக்கிப்பாண்டியைப் பார்த்தார். அவன் குடைக் கம்பியை எண்ணிக்கொண்டிருப்பவன் போல் நின்றான். கட்டிலிலிருந்து எழுந்து அந்தக் குடையைப் பிடுங்கி அவன் மண்டையிலேயே போடலாம் என்று வந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் தனியாக வந்து, தானே போய்ச் சொல்லிவிடுவதாகக் கண்ணைக் கசக்கினான்.

"என்னத்தலே சொல்லுவ? எறியத்தான் எறிஞ்ச, எதுக்குன்னு யோசிச்சியா? சன்னல் கண்ணாடியா நூல் குடுக்கும்? உங்க அய்யாவுக்கு இருக்கது அந்தப் பேரு ஒண்ணுதான். நீ வாயத் தொறந்தா நான் பட்ட அடி அம்புட்டும் தெண்டம். போ, போய் மாட்டப் பாரு."

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. தம்பி என்ன சொல்லப் போகிறான் என்று கேட்பதற்காகவே சங்கரபாண்டி மகனையும் கூட்டிக்கொண்டு வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வந்து, காயம் முதுகில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து, அடித்த போலீஸ்காரர் கூண்டில் ஏறினார். வயதான ஏட்டு. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், பெரிய மீசை.

ஆறுமுகச்சாமி ஒரே கேள்வியில் முடிக்கப் பார்த்தார். உயிருக்குப் பயந்து ஓடுகிற ஒரு மனிதனைத் துரத்திப் போய் முதுகில் அடித்தீர், அப்படித்தானே என்றார்.

அந்தப் பக்கத்து ஆளிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. ஏட்டுக்குக் காது சிவந்தது.

"நான் ஓடுதவன அடிச்ச ஆள் கெடையாது ஐயா. அவரு ஓடல. ரெண்டு கையையும் விரிச்சு மரம் மாதிரி நின்னாரு. நின்னவரத்தான் அடிச்சேன்."

கோர்ட்டில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. பின்பெஞ்சில் சங்கரபாண்டியின் முதுகு நிமிர்ந்தது. அவர் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். மருதப்பனுக்கு வெகுநாளைக்குப் பிறகு மூச்சு முழுசாக உள்ளே போனது. இத்தோடு நிறுத்தினால் போதும், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும் என்றிருந்தது.

நிறுத்துவார்களா? போலீஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதற்கு நின்றார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். பின்னால் ஒருவன் கல்லோடு நின்றான், அவனைப் பேர் சொல்லி அதட்டினார் என்றார் ஏட்டு. ஆறுமுகச்சாமிக்கு லாட்டரி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஓடினதைவிட இது நல்ல வாதம். கல்லெறிவதைத் தடுத்தவரையா அடித்தீர், என்ன பேர் சொல்லி அதட்டினார் என்று மேஜையைத் தட்டினார்.

ஏட்டு மோட்டுவளையைப் பார்த்தார். "ஏதோ பாண்டின்னு முடியும் ஐயா."

அந்த அறையில் பாதிப்பேர் பாண்டிகள். சிலர் சிரித்தார்கள்.

"முன்னால ஒரு சாமி பேரு. நெனச்சாப் பிடிபட்டுரும். கொஞ்சம் பொறுங்க."

அவர் மீசைக்கடியில் உதடுகள் ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்ப்பதை மருதப்பன் பார்த்தார். பின்பெஞ்சில் இசக்கிப்பாண்டியின் முகம் சாம்பலாகிவிட்டது. பக்கத்தில் அவன் அப்பா ஒன்றும் தெரியாமல், பெருமை தாங்காமல், தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வக்கீலும் ஏட்டும் சேர்ந்து நல்லது செய்கிறேன் என்று குடும்பத்தையே கவிழ்க்கப் போகிறார்களே என்று மருதப்பனுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

"ஐயா" என்றார்.

உம் முறை வரும்போது பேசலாம் என்றார் மாஜிஸ்திரேட்.

"அவரு சொல்லுதது தப்பு. நான் யாரையும் அதட்டல. பயந்து ஓடினேன். ஓடும்போதுதான் அடி விழுந்துச்சு. எழுதிக்கிடுங்க."

"நின்னாரு ஐயா" என்றார் ஏட்டு கோபமாக.

"ஓடினேன்."

"நான்தான அடிச்சேன், எனக்குத் தெரியாதா? நின்னாரு."

"என் காலு எனக்குத் தெரியாதா வே? ஓடினேன்."

அடித்தவர் நின்றார் என்கிறார், அடிபட்டவர் ஓடினேன் என்கிறார். சிரிப்பை அடக்க மாஜிஸ்திரேட் பல தடவை மேஜையைத் தட்ட வேண்டியதாயிற்று. ஏட்டுக்கு வந்த ஆத்திரத்தில் பேர் மறந்தே போய்விட்டது. நின்றாரோ ஓடினாரோ, கூட்டத்தைத் தூண்டவில்லை, கல்லெறியவில்லை, போலீஸ்மேல் பாயவில்லை என்பது இரண்டு பேர் வாயாலும் வந்துவிட்டது என்று சொல்லி, மாஜிஸ்திரேட் அன்று சாயங்காலமே மருதப்பனை விடுதலை செய்தார்.

வெளியே வண்டியில் மாடு பூட்டியிருந்தது. சங்கரபாண்டி தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்துகொண்டே, மாட்டிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"அடிச்சவன் மானத்தக் காப்பாத்திக் குடுக்கான். இவன் வேண்டாங்கான். எழுதிக்கிடுங்கன்னு வேற சொல்லுதான்."

இசக்கிப்பாண்டி வண்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றான். "அய்யா, நான் ஒண்ணு..." என்று ஆரம்பித்தான்.

"வண்டியில ஏறுலே" என்றார் மருதப்பன்.

அவன் ஏறினான். வண்டி திருவேங்கடம் சாலையில் திரும்பி மறையும்வரை பின்பக்கத்திலிருந்து சித்தப்பாவையே பார்த்துக்கொண்டு போனான். சங்கரபாண்டி ஒருதரம்கூடத் திரும்பவில்லை. அப்படித் திரும்புகிற ஆளும் இல்லை.

ஆறுமுகச்சாமி சிரித்த முகத்தோடு ஓடிவந்தார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு அலைச்சல் உண்டா வே என்று கேட்டுவிட்டு, ஜெயித்ததற்கு ஒரு காப்பி குடிப்போம் என்று கையைப் பிடித்து இழுத்தார். தெருவில் நின்றால் நாலு பேர் வந்து பேசுவார்கள் என்று மருதப்பன் கூடப் போனார்.

காப்பிக் கடையில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். வயசான மனுசன், பாவம், பயந்துட்டாரு என்று ஒருவன் மற்றவன் காதில் சொன்னான். காதில் சொன்னதால் கடை முழுக்கக் கேட்டது. மருதப்பன் ஒரு வாய் குடித்தார். டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு, இது காப்பியா கழுநீரா, சீனி என்ன உங்க வீட்டில் பூட்டியா வைத்திருக்கிறீர் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். வக்கீல் எவ்வளவோ சொல்லியும் சண்டை ஓயவில்லை.