பாதி கடந்தால் கணக்கில்லை

மாலை ஐந்திலிருந்து ஆறு மணிக்குள் நூற்றைம்பது பேர் சாலையைக் கடந்தால், நடப்பவர்களுக்கான சிக்னல் இருக்கும். ஒரு தலை குறைந்தாலும் அடுத்த மாதம் கழற்றிவிடுவார்கள். குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் அப்படித்தான் ஒட்டியிருந்தது.

சிக்னல் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தது எதிரே இருந்த பெரிய கடை. நடப்பவர்களுக்காக வண்டிகள் நிற்பதால், கடைக்குள் வரவேண்டிய கார்கள் தேங்கிவிடுகின்றனவாம். கடையைச் சொல்லிக் குற்றமில்லை என்றுதான் குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். அநேகமாக எல்லோரிடமும் கார் இருந்தது. கண்ணெதிரே தெரிகிற கடைக்கு இரண்டு கிலோமீட்டர் போய், வளைந்து திரும்பி, நிறுத்த இடம் தேடி, ஒரு பாக்கெட் பால் வாங்கி வந்தார்கள்.

தையல்காரியிடம் கார் இல்லை. அந்தக் கடையின் இரண்டாம் மாடியில், புதுப் பேண்ட்டுகளை ஆளுக்குத் தக்கபடி வெட்டித் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. காலை ஏழு மணிக்கே போய்விடுவாள். எட்டரைக்கு மகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, தனியாக அந்த ஆறு வழிச் சாலையைக் கடந்து, கடைக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்குப் போவாள். வயது ஒன்பது. அந்த நேரத்தில் தையல்காரியின் கால் மெஷின் பெடலில் நிற்காது. ஜன்னல் வழியே மகளின் பை இந்தப் பக்கம் வந்து சேர்வதைப் பார்த்த பிறகுதான் ஊசி மறுபடி இறங்கும். சிக்னல் இருக்கும்போதே இந்தக் கதி.

எண்ணும் நாளன்று மாலை, கடை வாசலில் மடக்கு நாற்காலியில் எண்ணுகிறவர் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலால் அழுத்தும் சின்னக் கருவி கையில் இருந்தது. தையல்காரி மகளைப் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவரிடம் போனாள்.

"சார், ஒரே ஆளு திரும்பத் திரும்பக் கடந்தா?"

"நான் மூஞ்சியப் பாக்கறதில்லம்மா. காலத்தான் பாக்கறேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனா ஒண்ணு."

"சிவப்புல போனா?"

"பச்சையோ சிவப்போ, முழுசாக் கடந்தா ஒண்ணு. பாதி கடந்தா கணக்கில்ல."

அவள் கடக்கத் தொடங்கினாள். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பச்சை. அதுவும் பதினைந்தே நொடி. பச்சையிலும் கடைக்குள் திரும்பும் கார்கள் நிற்கவில்லை. முட்டியை உரசுகிற மாதிரி வந்து ஹாரன் அடித்தன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள், வந்தாள்.

வண்டிகளுக்கான சிவப்பில் நின்ற ஒரு காரின் கண்ணாடி இறங்கியது. எதிர்வீட்டுக்காரர்.

"என்னக்கா, ரோட்டை விலைக்கு வாங்கப் போறீங்களா? அளந்துக்கிட்டே இருக்கீங்க."

"நீங்களும் இறங்கி ரெண்டு தடவ நடந்து குடுங்கண்ணா. எண்ணறாங்க."

"நானா? லிஃப்ட் வரைக்கும் நடந்தாலே எனக்கு மூச்சு வாங்குது. சிக்னல் போனாப் போகட்டும்க்கா. தவணையில ஒரு வண்டி எடுத்துடுங்க. இப்ப யாரு நடக்கறா?"

"பாப்பா நடக்கறாளே."

அவர் சிரித்தார். பின்னால் ஹாரன் கேட்டதும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தே முக்காலுக்குத் துப்புரவுப் பெண்கள் வேலை முடிந்து கூட்டமாகக் கடந்தார்கள். எண்ணிக்கை நூற்று நாற்பத்தைந்து. அடுத்த பச்சையில் அவள் மட்டும். ஐந்து ஐம்பத்து மூன்றில் மறுபடி அவள். வீட்டுப் பக்கக் கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தாள்.

பெஞ்சில் மகள் இல்லை.

சாலையில் இருந்தாள். நடப்பவர்களுக்குச் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. முதல் வழியைத் தாண்டி, இரண்டாவதன் கோட்டின்மேல் ஒரு காலை வைத்து நின்றாள். ஒரு லாரி இடையில் வந்து அவளை மறைத்தது. லாரி நீளமாக இருந்தது. அது போனபோது எண்ணுகிறவர் மகளின் பையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பச்சை வரை நான்கு நிமிடம் அவள் இந்தக் கரையில் நின்றாள். கடந்துபோய் மகளின் முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள்.

"உன்னை உக்காரத்தானே சொன்னேன்?"

"சிவப்புல கடந்தாலும் ஒண்ணுன்னு அவர்தான் சொன்னாரு. உனக்குக் கால் வலிக்குமேன்னு..."

எண்ணுகிறவர் கருவியைத் திருப்பிக் காட்டினார். 148. மணி ஐந்து ஐம்பத்தெட்டு. அடுத்த பச்சை ஆறு ஒன்றுக்கு.

"சார், ரெண்டு அழுத்திடுங்க. புள்ளைய வச்சுக்கிட்டுக் கேக்கறேன்."

"மேல பாரும்மா, கேமரா. ரெண்டையும் ஒத்துப் பாப்பாங்க. இப்படி அழுத்தினவனுக்குப் போன மாசம் வேலை போச்சு."

போய் ஒன்று, வந்து ஒன்று. சிவப்பில் ஓடினால் முடியும். அவள் மகளின் தோளை அழுத்தி பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"அசையக் கூடாது. அசைஞ்சா அம்மா பேசவே மாட்டேன்."

சாலையில் இறங்கினாள். முதல் வழி. ஒரு கார் காற்றாகப் போனது. புடவை அதன் பக்கமாக இழுபட்டது. இரண்டாவது வழியில் கால் வைத்தபோது, பின்னால் சின்னச் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினாள். மகள் இறங்கியிருந்தாள். அழவில்லை. அம்மா தனியாகப் போகிறாளே என்கிற முகம்.

தையல்காரி திரும்பி ஓடினாள். மகளை அள்ளிக்கொண்டு கரையில் ஏறினாள்.

ஆறு மணி. எண்ணுகிறவர் தாளில் நூற்று நாற்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்திட்டு, நாற்காலியை மடக்கினார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து நான் எப்படிம்மா போவேன்?" என்று மகள் கேட்டாள்.

தையல்காரி பிடித்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பச்சை விழுந்தது. நாற்காலியை அக்குளில் இடுக்கிக்கொண்டு எண்ணுகிறவரும் அவர்களோடு இறங்கினார். அவருடைய பஸ் அந்தப் பக்கம்தான்.

"வெரசா வாம்மா," என்றார், கார்களைப் பார்த்துக்கொண்டே. "பதினஞ்சு நொடிதான்."