இப்போதைக்கு ஒண்ணுன்னே வச்சுக்கங்க

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, என் அண்ணியுடையது. "எழுதித் தொலைச்சிடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். எழுதுகிற நாத்தனாரிடம் அப்படிச் சொல்வது எழுதச் சொல்வதற்குச் சமம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். (வீட்டில் அவளை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். இங்கே 'அவள்' என்று எழுதினால்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுத முடிகிறது.)

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஆற்றோரத் தெருக்களில் தண்ணீர் ஏறியபோது யாருடைய செல்போனும்

பாதியில் விட்டுவிட்டேன். தண்ணீரில் தொடங்கினால் வாசகர் அழத் தயாராகிவிடுவார். இது தண்ணீரில் தொடங்கிய விஷயம் இல்லை. ஏசி போட்ட ஓர் அறையில், மார்க்கர் மை வாசனைக்கு நடுவே தொடங்கியது.

2

மென்பொருள் எழுதுகிறவர்களுக்குப் பாடம் எடுப்பது அண்ணியின் தொழில். கம்பெனி கம்பெனியாகப் போவாள். பாடத்தின் பெயர் எக்ஸ்எம்எல். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பெட்டிக்குள் பெட்டி, அவ்வளவுதான். ஒவ்வொரு தகவலையும் ஒரு பெட்டியில் போட்டு, மேலே பெயர்ச் சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். அந்தச் சீட்டுக்கு 'டேக்' என்று பெயர். வாங்கிக்கொள்கிற ஆப் சீட்டைப் படித்து, பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும்.

அந்த முறை அவள் போனது, வெள்ள எச்சரிக்கையைச் செல்போனில் காட்டும் ஆப் செய்கிற கம்பெனி. அரசு அலுவலகங்களிலிருந்து வரும் எச்சரிக்கையில் நேரம் ஒரு பெட்டி, ஆபத்தின் அளவு ஒரு பெட்டி, எந்த இடம் என்பது ஒரு பெட்டி.

மூன்று நாள் வகுப்பு என்று பேச்சு. போய் இறங்கியதும் மேனேஜர், "மேடம், ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுத்துடுங்க. டெலிவரி கழுத்தை நெரிக்குது" என்றார். அண்ணி தலையாட்டினாள். [அண்ணனுக்கு வேலை போய் வெகுகாலம் ஆகியிருந்தது. இதை அடைப்புக்குறிக்குள் போடுகிறேன். வெளியே போட்டால் சாக்கு மாதிரித் தெரியும்.]

வகுப்பில் ஒரு பெண் ஓயாமல் சந்தேகம் கேட்பாள். கூட இருந்தவர்கள் அவளுக்கு 'டவுட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படிக் கூப்பிட்டால் கோபப்பட மாட்டாள், சிரிப்பாள். இரண்டாம் நாள் வகுப்பு முடியப்போகும் நேரம். பலகையில் அண்ணி எழுதிப்போட்டிருந்த மாதிரி எச்சரிக்கையைப் பார்த்துக் கை தூக்கினாள்.

"மேடம், ஒரே எச்சரிக்கைல ரெண்டு மூணு இடம் வந்தா?"

"வரும். அப்ப ஒவ்வொரு பெட்டியா போய் எடுக்கணும். அது மூணாம் நாள் பாடம்."

"மூணாம் நாள்தான் இல்லையே மேடம்."

வகுப்பே சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இப்போதைக்கு ஒண்ணுன்னே வச்சுக்கங்க. குடுத்திருக்கிற மெட்டீரியல்ல இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்."

3

இங்கே எனக்கு டவுட்டின் மேலேயே ஒரு சந்தேகம். அவ்வளவு கேட்கத் தெரிந்தவள் பிறகு ஏன் மெட்டீரியலில் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை? கதாபாத்திரம் ஒட்டவில்லையே என்று அண்ணியிடமே கேட்டேன்.

"மறுநாளே எச்சரிக்கையப் படிக்கிற வேலைய அவகிட்ட குடுத்து ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க. நான் காட்டினத அவ அப்படியே எழுதினா. ஓடிச்சு. ஓடுறத யாரு திரும்பிப் பாக்குறா?"

உண்மைதான். முதல் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் கம்ப்யூட்டர் கத்தாது. மிச்சப் பெட்டிகள் திறக்கப்படாமல் கிடப்பது யாருக்கும் தெரியாது. அதுவரை வந்த எச்சரிக்கைகளிலெல்லாம் ஒரே இடம்தான். ஆப் நல்ல பெயரோடு ஓடியது.

பிறகு அந்த மழை. அணையைத் திறக்கப்போகிறோம் என்று வந்த எச்சரிக்கையில் இரண்டு இடங்கள் இருந்தன. மேட்டுத் தெருக்கள் முதலில், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆற்றை ஒட்டிய தாழ்வான தெருக்கள் அடுத்து. மேட்டில் எல்லாப் போன்களும் அலறின. அங்கிருந்தவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். தாழ்வில் ஒரு போன்கூட

இந்த வாக்கியத்தை நான் முடிக்க வேண்டியதில்லை.

(எத்தனை பேர் என்பதையும் எழுதப்போவதில்லை. எழுதிப் பார்த்தேன். எண்ணைப் படித்ததும் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறது.)

4

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். நீள மேசை. மேனேஜர், அவருக்கு மேலே உள்ள இருவர், ஒரு வக்கீல். மேசையின் கோடியில் டவுட்டு. அண்ணியையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

முந்தின நாளே மேனேஜர் போனில் பேசியிருந்தார். "நீங்க உண்மையத்தான் சொல்லப்போறீங்க மேடம். பாடத்துல இருந்துச்சா இல்லையா, அவ்வளவுதான் கேப்பாங்க. அடுத்த பேட்ச்சும் உங்களுக்குத்தான்."

வக்கீல் அதையேதான் கேட்டார். "ஒண்ணுக்கு மேல இடம் வந்தா என்ன பண்ணணும்னு உங்க பாடத்துல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

இந்த இடத்தை வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். அதில் டவுட்டு எழுந்து, "நீங்கதானே மேடம் ஒண்ணுன்னு வச்சுக்கச் சொன்னீங்க" என்று கத்துகிறாள். நன்றாக வந்திருந்தது. ஆனால் அவள் கத்தவில்லை. நிமிர்ந்து அண்ணியை ஒருமுறை பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். அன்றே கழுத்திலிருந்த அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். பாடம் இருந்தும் படிக்காத ஊழியர் என்று முடிவாயிற்று.

"நான் பொய் சொல்லல" என்றாள் அண்ணி என்னிடம். கொஞ்சம் கழித்து, "பொய் சொல்லியிருந்தாக்கூட இப்படி அரிக்காது" என்றாள்.

அடுத்த பேட்ச் சொன்னபடியே வந்தது. அண்ணி போய் எடுத்தாள். இந்த முறை மூன்று முழு நாள்.

5

முடிவு எழுத வேண்டும்.

அண்ணி திரும்பப் போய் நடந்ததைச் சொல்ல, டவுட்டுக்கு வேலை கிடைத்துவிடுகிற மாதிரி ஒன்று எழுதினேன். அண்ணன் படித்துவிட்டு, "இது எந்த ஊர்ல நடக்குது?" என்று கேட்டான். அதோடு அது போயிற்று. இன்னொன்றில் டவுட்டு தன்னைத்தானே

இல்லை. அவள் உயிரோடுதான் இருக்கிறாள். கதைக்காக நான் அவளைக் கொல்ல வேண்டியதில்லை.

நடந்தது இது. அண்ணி அவள் வீட்டைத் தேடிப் போனாள். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா, "அவ தினமும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிடுறா. வீடு வீடா சேறு அள்ளுறா. யாரு சொல்லியும் கேக்கல" என்றாள்.

அண்ணி பாலத்தைத் தாண்டினாள். சுவர்களில் ஆள் உயரத்துக்கும் மேலே தண்ணீர் நின்ற கோடு. தெருவெல்லாம் ஊறிய மெத்தைகள். ஒரு தையல்காரர் வீட்டில் டவுட்டு மண்வெட்டியோடு நின்றிருந்தாள். மூலையில் தையல் மெஷின், சேறு காய்ந்த கட்டில். தையல்காரரின் மனைவி எழுந்து நடக்க முடியாதவள். தண்ணீர் ஏறியபோது அந்தக் கட்டிலில்தான் இருந்திருக்கிறாள்.

டவுட்டு அண்ணியைப் பார்த்தாள். சுவரில் சாத்தியிருந்த இன்னொரு மண்வெட்டியைக் கண்ணால் காட்டினாள். அண்ணி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அள்ளத் தொடங்கினாள். கை கொப்பளித்தது. இரண்டு பேரும் அந்த அறையை வாசல்வரை வழித்து முடித்தார்கள்.

தையல்காரர் எங்கிருந்தோ டீ வாங்கி வந்தார்.

"இந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார் அண்ணியிடம். "வந்த அன்னிக்கே சொல்லிடுச்சு. 'நான் எழுதினதுல இருந்த கோளாறுலதான் ஐயா உங்க போன்ல எச்சரிக்கை வரல'ன்னு. அடிக்கக் கை ஓங்கிட்டேன். நகராம நின்னுச்சு. அப்புறம் எப்படி அடிக்கிறது?"

தம்ளரை அண்ணியிடம் நீட்டினார்.

"நீங்க யாரும்மா?"

வாசலில் குனிந்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த டவுட்டு கையை நிறுத்தினாள்.

அண்ணி ஏதோ ஒரு பதில் சொல்லித்தான் இருப்பாள். என்னிடம் சொல்லும்போது இந்த இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அவளுக்காகப் பல பதில்கள் எழுதினேன். சில அவளை நல்லவளாகக் காட்டின, சில என்னை. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

அந்த மனிதர் நீட்டிய கையோடு நின்றுகொண்டிருக்கிறார். அவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு நான் போகிறேன். இனி நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.