நான் பூட்டிய பக்கம்

எனக்கு வாய் நீளம். நான் வேலை பார்க்கிற அம்பத்தூர் தொழிற்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எத்திராஜுக்கு வேலை தெரியும், வாயும் தெரியும், பரீட்சை மட்டும் வராது என்று. மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் எல்லாப் பேப்பரையும் தாண்டிவிட்டு, தெர்மோடைனமிக்ஸ் என்ற ஒரே ஒரு பேப்பரில் மாட்டிக்கொண்டு கிடந்தேன். வீட்டில் போட்டால் கணக்கு வரும், ஹாலில் உட்கார்ந்தால் எல்லாம் குழம்பும். என்னோடு அதே பேப்பரில் மாட்டிக்கொண்டு கிடந்தவள் சபீனா. பூந்தமல்லிக்காரி, என் செட். காலேஜை விட்டு நாலு வருடம் ஆன பிறகும் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் அரியர் எழுதப் போய்க்கொண்டிருந்தோம்.

இந்த ஏப்ரல்தான் கடைசி வாய்ப்பு. இதில் போனால் டிகிரி கிடையாது. சபீனா ஒரு டிராயிங் ஆபீஸில் தற்காலிகமாக வேலை பார்க்கிறாள். ஜூலை முடிவதற்குள் டிகிரியைக் காட்டு, பெர்மனென்ட் பண்ணுகிறோம், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

பரீட்சையில் தோற்றவன்தான், ஆனால் பாடம் எழுதுவதில் நான் ராஜா. பாடக்கிடங்கு என்று ஒரு இணையதளம். மாணவர்களே சேர்ந்து தமிழில் பாடங்களை எழுதி வைக்கிற இடம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். நூறு பக்கம் எழுதியவனுக்குக் காவலர் என்று ஒரு பதவி உண்டு. காவலர் ஒரு பக்கத்தைப் பூட்டினால் வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது. பட்டாபிராமிலிருந்து ரயிலில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் போனிலேயே தட்டி நூற்றுநாற்பது பக்கம் எழுதியிருந்தேன். காவலர் ஆன அன்று சபீனாவுக்குத்தான் முதலில் சொன்னேன்.

"புக்கத் தூக்கிக் கடாசு. எல்லாம் என் பக்கத்துல கீது. அதப் படிச்சா போதும்" என்றேன். அவளும் அதையே படித்தாள்.

என் பக்கங்களில் எனக்கே பிடித்தது காற்றுத் தொட்டிக் கணக்கு. புத்தகத்துக் கணக்கு இல்லை, எங்கள் பட்டறைக் கம்ப்ரசரை வைத்து நானே போட்டது. தொட்டியின் கேஜில், அதாவது அழுத்தமானியில், முள் ஏழு பார் அழுத்தம் காட்டுகிறது, உள்ளே எத்தனை கிலோ காற்று என்று கேள்வி. ஏழைத் தூக்கி அப்படியே சூத்திரத்தில் வைத்துப் போட்டிருந்தேன். பட்டறையில் கேஜ் என்ன காட்டுகிறதோ அதுதான் பிரஷர். அதற்கு மேல் அங்கே ஒருவனும் கேட்க மாட்டான்.

மார்ச்சில் கிரண் என்று ஒரு செகண்ட் இயர் பையன் வந்து ஏழை அடித்து எட்டு ஆக்கினான். நான் ஏழு ஆக்கினேன். மறுபடி எட்டு. மறுபடி ஏழு. மூன்றாம் தடவை கீழே எழுதினான்: 'அண்ணா, தப்பா நினைக்காதீங்க. கேஜ் வெளிக்காற்றோட அழுத்தத்தைச் சேர்க்காமதான் காட்டும். சூத்திரத்துக்கு அந்த ஒரு பாரையும் சேர்க்கணும். ஏழும் ஒண்ணும் எட்டு.' மரியாதையாகத்தான் எழுதியிருந்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. செகண்ட் இயர் பொடியன் எனக்குச் சொல்லித் தருகிறானா?

'தம்பி, நாலு வருஷமா கம்ப்ரசர் பக்கத்துலயே நிக்கிறேன். நீ புக்குல படமா பாத்திருப்ப. போய் வேலையப் பாரு' என்று எழுதிவிட்டுப் பக்கத்தைப் பூட்டினேன். பூட்டியதும் அப்படி ஒரு சுகம். இப்போது நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது பட்டறையில் கம்ப்ரசரின் காற்றுத் தொட்டியைக் கழுவுவதற்காக வால்வைத் திறந்து வைத்திருந்தோம். ஃபோர்மேன் வீரராகவன் முள்ளைப் பார்த்து, "ஜீரோ வந்துட்ச்சு, கழட்டுங்கடா" என்றார். நான் ஸ்பானரை வைத்துக்கொண்டு நின்றேன். முள் ஜீரோவில் இருக்கிறது. வாய் திறந்த தொட்டி. உள்ளே காற்று இல்லையா? வெளியே இருக்கிற காற்று உள்ளேயும்தானே இருக்கிறது? அப்படியென்றால் முள் அதை எண்ணவே இல்லை.

"இன்னாடா பேயறஞ்ச மாறி நிக்கிற?" என்றார் வீரராகவன்.

"ஒண்ணுமில்லண்ணே."

ஒன்றுமில்லையாம்! அன்று மாலை ரயிலில் பக்கத்தைத் திறந்தேன். பூட்டை எடுத்து, ஏழை எட்டாக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் திருத்தினால் யார் திருத்தினார்கள் என்று பெயரோடு வரும். அந்தக் கிரண் பார்ப்பான். சிரிப்பான். நாலு பேரிடம் காட்டுவான். அதோடு எனக்கே நூற்றுக்கு நூறு உறுதி இல்லை என்று ஒரு சாக்கும் கிடைத்தது. பரீட்சை முடியட்டும், யாரும் பார்க்காத நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று போனைப் பைக்குள் போட்டேன். சபீனாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அவளிடம் சொல்வதும் அவமானமாக இருந்தது.

பரீட்சையில் பன்னிரண்டாம் கேள்வி, கொடுத்த இரண்டில் ஒன்றை எழுதுவது. முதலாவது, காற்றுத் தொட்டிக் கணக்கு. எண்கள் வேறு, கணக்கு அதே. கேஜ் என்ற வார்த்தையைப் பார்த்ததுமே ஜீரோவில் நின்ற முள்தான் நினைவுக்கு வந்தது. எதைக் கூட்டுவது, எதை விடுவது என்று புரியாமல் இரண்டாவதுக்குப் போய்விட்டேன். அது வெறும் விளக்கம், எழுதித் தள்ளினேன்.

வெளியே வந்ததும் சபீனா ஓடி வந்தாள். "பன்னண்டாவது பாத்தியா? உன் கணக்கு! கண்ண மூடிக்கினு போட்டேன் எத்திராஜு. நீ நல்லா இருப்பே!"

"ஆங்... சூப்பர்" என்றேன்.

ஜூனில் ரிசல்ட். எனக்கு ஐம்பத்திரண்டு. அவளுக்கு நாற்பத்தேழு. ஐம்பது எடுத்தால்தான் பாஸ்.

அவள் அழவில்லை. விடைத்தாளின் நகலுக்குப் பணம் கட்டி வாங்கி, பத்து நாள் கழித்து என்னைப் பூந்தமல்லிக்கு வரச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் ஈ மொய்க்கிற மேஜையைக் கர்சீப்பால் துடைத்துத் தாள்களைப் பரப்பினாள். ரோட்டில் நடக்கிற மெட்ரோ வேலையின் தூசு அவற்றின் மேலும் வந்து விழுந்தது.

"இத்தப் பாரு. பன்னண்டாவதுக்கு பதிமூணுக்கு ஆறு மார்க்குதான் போட்டுக்கீறான். நீ எழுதுன மாறியே வரிக்கு வரி எழுதிகீறேன். மறுமதிப்பீட்டுக்கு இன்னிக்குதான் கடைசி நாள். மூணு மார்க்கு எத்திராஜு, மூணே மூணு! இது எப்டி கரீட்டுன்னு நீ சொல்லு, நான் பணத்தக் கட்டிட்றேன்."

முதல் வரியிலேயே அழுத்தத்தைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த எல்லா எண்ணும் தப்பு. அவள் கையெழுத்து அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

"கட்டாத சபீனா. அது தப்பு."

"எது?"

"என் கணக்கு. வெளிக்காத்தையும் சேத்துக்கணும். நான் சேக்கல."

"அப்ப உனக்கு எப்டி மார்க்கு வந்துச்சி?"

"நான் அத எழுதல. இன்னொண்ண எழுதுனேன்."

"ஏன்?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. அந்த ஒரு தடவை மட்டும் சொல்லவில்லை. கிரண் திருத்தியது, நான் பூட்டியது, முள் ஜீரோவில் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். டீ ஆறி ஆடை படிந்தது.

"பரிட்சைக்கு நாலு நாள் முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்னு இல்ல... சந்தேகம்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்றதுக்கின்னா?"

"கேவலமா இருந்துச்சு. அந்தப் பையன் முன்னாடி..."

"அவன் யாரு உனக்கு? மூஞ்சி தெரியுமா? ஊரு தெரியுமா?" அவள் குரல் உயரவே இல்லை. "மூஞ்சி தெரியாத ஒருத்தன் சிரிப்பான்னு என்னிய உட்டுட்டியேடா."

தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். ஜூலை பிறக்க இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தேன். பூட்டை எடுத்தேன். ஏழை எட்டு ஆக்கினேன், அதற்குக் கீழே எல்லா எண்ணையும் மாற்றினேன். யாருக்கும் பயன் இல்லாத வேலை, இருந்தாலும் செய்தேன். முடித்துவிட்டுக் கீழே தள்ளினால் வரிசையாக நன்றிகள். 'இந்தக் கணக்கு அப்படியே வந்தது அண்ணா', 'உங்களால்தான் எழுதினேன் அண்ணா' என்று முப்பத்தெட்டு பேர் எழுதியிருந்தார்கள். எல்லாம் பரீட்சை நடந்த அன்று எழுதியவை. ரிசல்ட் வந்த பிறகு ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை.