சூடேறாத கையுறை

வெய்யோ மூன்றாவது முறையாகக் கையுறைகளைக் கொண்டுவந்து சமையலறை மேஜைமேல் போட்டபோது அவன் மனைவி ரைலிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"சூடு ஏறல," என்றான்.

"எது? வலதா, இடதா?"

"ரெண்டும்தான். வலது ரொம்ப மோசம்."

அந்தச் சிற்றூரில் பனிக்காலத்திலும் பைக்கை உள்ளே நிறுத்த மனம் வராத கிறுக்கர்கள் பதினொரு பேர். மின்கம்பி வைத்துத் தைத்த ஜாக்கெட், கையுறை, காலுறை என்று அவர்கள் போட்டுத் திரியும் சூட்டு உடைகள் அத்தனைக்கும் வைத்தியச்சி ரைலிதான். கம்பி எங்கே அறுந்திருக்கும் என்று உடையைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். கையுறை என்றால் கட்டைவிரல் மடங்கும் இடம், ஜாக்கெட் என்றால் காலர் ஓரம். தையலைப் பிரித்து, அறுந்ததை ஈயம் வைத்துப் பற்றவைத்து, மறுபடி இழுபட்டு அறாதபடி கம்பியைக் கொஞ்சம் தொளதொளவென்று விட்டுத் தைப்பாள். சாலை உப்பு ஏறிப் பச்சை பிடித்த பிளக்கை வினிகரில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தே பாதி நோயைத் தீர்த்துவிடுவாள். ஃபியூஸ் போய்விட்டதென்று சாக்லேட் தாளைச் சுற்றிக்கொண்டு வந்த வெய்யோவின் கூட்டாளி ஊர்ப்போவை மட்டும் வீட்டுக்குள்ளேயே விடவில்லை. "வெந்து சாகணும்னா அடுப்புல போய் உக்காரு, என்கிட்ட வராதே," என்று வாசலில் நிற்கவைத்துத் திட்டி அனுப்பினாள்.

அப்படிப்பட்டவளுக்கு இந்தக் கையுறைகள் பிடிகொடுக்கவில்லை. முதல் தடவை பிளக்கைத் தேய்த்தாள். இரண்டாம் தடவை கம்பியையே புதிதாகப் போட்டாள். இப்போது மீட்டரை வைத்துப் பார்த்தால் முள் சமர்த்தாக எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. பேட்டரியில் இணைத்துத் தன் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். இதமாகத்தான் இருந்தது.

"ஏறுதே. உனக்கு என்ன கேடு?"

"உன் சமையலறைல ஏறும். வெளிய காத்துல ஏறல."

"சவுனால கொதிக்கிற கல்லை வெறுங்கையால எடுத்து வச்ச வீரனுக்கு இந்தச் சூடு பத்தலையாக்கும்."

வெய்யோ சிரிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நடந்தது அது. நீராவிக் குளியல் போடும் சவுனா அறையில், கல் அடுக்கிய அடுப்பிலிருந்து ஒரு கல் உருண்டு பலகைமேல் விழுந்தது. ஊர்ப்போ எழுந்து கரண்டியைத் தேடுவதற்குள் வெய்யோ அதை உருளைக்கிழங்கு எடுப்பது போல எடுத்து அடுப்பில் போட்டுவிட்டான். ஊர்ப்போ கைதட்டினான். ரைலி அந்தக் கதையைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். முப்பது வருஷம் காட்டில் மெஷின் ரம்பம் பிடித்த கை, இரும்பு என்றால் இரும்புதான் என்று அவளுக்குப் பெருமை.

அந்த ரம்பம் ஒரு சீதனமும் கொடுத்திருந்தது. குளிர் பட்டால் வெய்யோவின் விரல்கள் ரத்தம் வற்றி மெழுகாக வெளுத்துவிடும். அந்த ஊரில் மரம் வெட்டிய ஆண்கள் பாதிப் பேருக்கு அப்படித்தான், அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் விரல் வெளுத்தால் வண்டி ஓட்ட முடியாது. அதனால் வெய்யோவுக்குக் கையுறையின் சூடு வெறும் சுகமல்ல. அது இல்லாவிட்டால் நாளைக் காலை அவனால் கிளம்ப முடியாது. வடக்கே ஏரிக்கரையில் பனிக்காலப் பைக்காரர்கள் கூடும் கூட்டம், நூற்று எண்பது கிலோமீட்டர். இருபத்தாறு வருஷத்தில் ஒரு வருஷமும் அவன் தவறவிட்டதில்லை. வானொலியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரைலி விளக்கை இழுத்துவைத்துக்கொண்டு யோசித்தாள். கையுறையின் மணிக்கட்டுப் பக்கம், பட்டாணி அளவில் ஒரு தெர்மோஸ்டாட் இருந்தது. சூடு மிஞ்சினால் அதுவே மின்சாரத்தை நிறுத்திவிடும். ஜாக்கெட் கைக்குள் மூடிக்கிடக்கும் மணிக்கட்டு சீக்கிரம் சூடாகிவிடும், விரல்களுக்குச் சூடு போவதற்கு முன்பே இந்தப் பட்டாணி அவசரப்பட்டு நிறுத்திவிடுகிறது என்று கணக்குப் போட்டாள். கணக்கு கச்சிதமாக இருந்தது. அதுதான் பின்னால் அவளைக் குடைந்தது.

"அப்ப அதைப் பிடுங்கிப் போடு," என்றான் வெய்யோ.

"அது காவலுக்கு இருக்கறது. ஊர்ப்போவைத் திட்டினது மறந்துபோச்சா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சட்டையில் ஒரு பொத்தான் தப்பான துளையில் மாட்டியிருந்தது. இந்த வருஷம் அடிக்கடி அப்படித்தான் மாட்டிக்கொண்டு வருகிறான். "நான் நாளைக்குப் போகணும், ரைலி," என்றான் மெதுவாக.

முப்பத்தொரு வருஷத்தில் அவன் அவளிடம் எதையும் கேட்டுக் கெஞ்சியதில்லை. ரைலி கத்தரியை எடுத்தாள். இரண்டு பட்டாணிகளையும் வெட்டிப் பொத்தான் டப்பாவில் போட்டாள், கம்பிகளை நேராக இணைத்துத் தைத்து முடித்தாள். இரண்டு நிமிஷம் கையை விட்டுப் பார்த்தாள். நல்ல சூடு. எதற்கும் இன்னும் பத்து நிமிஷம் வைத்துப் பார்த்திருக்கலாம். அதற்குள் அடுப்பில் சூப் பொங்கியது, எழுந்து போய்விட்டாள்.

காலையில் வெய்யோவின் பழைய ரஷ்ய பைக்கின் பக்கத்தில் ஒட்டிய சைடுகாரில் கம்பளிகளுக்குள் புதைந்து உட்கார்ந்தாள் ரைலி. ஊர்ப்போ தன் வண்டியில் முன்னே போனான். மரங்கள் பனியில் குனிந்து நின்றன. சாலையில் ஆள் அரவமே இல்லை. முப்பதாவது கிலோமீட்டரில் மர லாரிகள் வந்து சேரும் சந்திப்பு. வெய்யோ நிற்க வேண்டிய கோட்டில் வண்டி நிற்கவில்லை. அது பாட்டுக்குக் கோட்டைத் தாண்டி உருண்டது. கடைசி நொடியில் கால் பிரேக்கில் ஏறி மிதித்தான். மரம் ஏற்றிய லாரி ஒன்று ரைலியின் முகத்துக்கு முன்னால் பனித்தூளை வாரி அடித்துவிட்டுப் போனது.

"ஐஸ்," என்று கத்திச் சொன்னான் வெய்யோ.

ரைலி கீழே பார்த்தாள். அந்த இடத்தில் வழுக்காமலிருக்கச் சாலைக்கு மணல் போட்டிருந்தார்கள். கம்பளியை இன்னும் மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

எழுபதாவது கிலோமீட்டரில் காப்பிக்கு ஒதுங்கினார்கள். அந்தக் குளிரில் எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பாடு என்று ஓடவிட்டே வைத்திருந்தார்கள். வெய்யோ சீட்டில் இருந்தபடியே வலது கையுறையைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்காமல் தொங்கவிட்டான், அது ஜாக்கெட் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. ரைலி பிளாஸ்கைத் திறந்து இரும்புக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள்.

"இப்பத்தான் பரவால்ல. வெதுவெதுன்னு இருக்கு," என்றான். அவளைச் சந்தோஷப்படுத்தும் குரல்.

"வைத்தியச்சிக்கு ஒரு கும்பிடு போடு," என்றான் ஊர்ப்போ.

ரைலிக்குக் கை விறைத்திருந்தது. தொங்கிய கையுறைக்குள் தன் கையை நுழைத்தாள். நுழைத்த வேகத்தில் உதறி இழுத்தாள். தோசைக்கல்லில் கை வைத்த மாதிரி இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக அவன் கை இதற்குள் இருந்திருக்கிறது.

"கையைக் காட்டு."

"என்ன?"

"வெய்யோ, கையைக் காட்டு."

கோப்பையைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு வலது கையைத் திருப்பினாள். உள்ளங்கை சிவந்து பளபளத்தது. நான்கு விரல்களிலும் வரிசையாகக் கொப்புளம் கட்டியிருந்தது, ஒன்று உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. வெய்யோ அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலக் குனிந்து பார்த்தான்.

ரைலிக்குச் சவுனாக் கல் ஞாபகம் வந்தது. தப்பான துளையில் மாட்டிய பொத்தான் ஞாபகம் வந்தது. லாரி போன சந்திப்பும் ஞாபகம் வந்தது. அந்தக் கையின் விரல்கள் பிரேக்கைப் பிடித்திருந்தனவா இல்லையா என்பது அவனுக்கே தெரிந்திருக்காது.

அவனுடைய இடது கையுறையையும் உருவினாள். அந்தக் கை சிவந்திருந்ததே தவிரக் கொப்புளம் இல்லை.

"கண்ணை மூடு."

"எதுக்கு, முத்தம் குடுக்கப் போறியா? ஊர்ப்போ இருக்கான்."

"மூடு."

மூடினான். ரைலி சாலையோரத்திலிருந்து ஒரு கை பனியை அள்ளி அவன் இடது உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். "என்ன இது, சொல்லு."

அவன் கையை லேசாகத் தூக்கி எடை பார்த்தான். முகத்தில் சிரிப்பு மெல்லப் போய்விட்டது. காது கேட்காதவன் உதட்டைப் பார்த்து ஊகிப்பது போல ஊகித்தான்.

"காப்பிக் கோப்பை," என்றான்.

ஊர்ப்போ பக்கென்று சிரித்தான். பிறகு ரைலியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

வெய்யோ கண்ணைத் திறந்தான். கையிலிருந்த பனியை வெகுநேரம் பார்த்தான்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள் ரைலி.

"போன வருஷம் இலை உதிர்ற நேரத்துலேர்ந்து. மொதல்ல விரல் நுனி மட்டும்."

"என்கிட்ட ஏன் சொல்லல? மூணு தடவை அந்தக் கையுறையைப் பிரிச்சிருக்கேன்."

"கையுறைல கோளாறுன்னா நீ சரி பண்ணிருவ இல்ல," என்றான் வெய்யோ. "கோளாறு அதுலயே இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்."

ரைலிக்கு அவனை நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இரண்டு கையுறைகளையும் பிளக்கிலிருந்து பிடுங்கிச் சைடுகாருக்குள் எறிந்தாள். தன் கழுத்துத் துணியைக் கிழித்துக் கொப்புளங்களின்மேல் இறுக்காமல் சுற்றினாள். அதற்குமேல் தன் கம்பளிக் கையுறைகளை ஒவ்வொரு விரலாக ஒதுக்கி மாட்டினாள்.

"எறங்கு. சைடுகார்ல உக்காரு. நான் ஓட்டறேன்."

"ஏரிக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு."

அவன் வாதாடவில்லை. அதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது. ஊர்ப்போவின் மாற்றுக் கையுறைகளை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டியை வந்த பக்கமே திருப்பினாள். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது, விரல்களில் வலி ஊசி ஊசியாகக் குத்தியது. குத்தட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மர லாரிச் சந்திப்பில் வண்டியைக் கோட்டுக்கு முன்பே நிறுத்தினாள். சைடுகாரிலிருந்து வெய்யோ இரண்டு கைகளையும் அவள் பக்கம் நீட்டினான்.

"ரைலி, என் கை சூடா இருக்கா, கொஞ்சம் தொட்டுப் பாத்துச் சொல்லேன்."