வலது பக்கத்து அளவு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் அந்த மூக்கிலேயே ஒரு பக்கம் போய்விட்டது, கோபம் மட்டும் குறையவில்லை. இடது மூக்கு மடலில் வந்த கட்டியைப் புற்று என்று சொல்லி வெட்டி எடுத்தார்கள். மடலும் சேர்ந்து போனது.

புதிதாகக் கட்டித் தருகிறேன் என்றார் டாக்டரம்மா. நெற்றித் தோலில் ஒரு துண்டை வெட்டுவார்கள். புருவத்தருகே மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, திருப்பிக் கீழே இறக்கி மூக்கில் தைப்பார்கள். உள்ளே விறைப்பாக நிற்கக் காதிலிருந்து குருத்தெலும்பு. புது இடத்தில் ரத்தம் ஓடிப் பழகும் வரை, சில வாரம் அந்தத் தோல் பாலம் முகத்தின் குறுக்கே தொங்கும். பிறகு அறுத்துவிடுவார்கள்.

பழைய ஃபோட்டோ ஒன்று கேட்டார். அக்கா கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டரம்மா தையல் நூல் சுற்றி வந்த தகட்டை மூக்கின் அளவுக்கு வெட்டி, என் நெற்றியில் வைத்து ஊதா மையால் சுற்றி வரைந்தார். கைக்கண்ணாடியில் பார்த்தேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி நான். தினமும் பத்து மூக்கில் ஃபிரேம் மாட்டிப் பார்க்கிறவளுக்கு, சொந்த மூக்கா தெரியாது?

"இது யார் மூக்கு?"

"உங்களோடதுதான். ஃபோட்டோவைப் பாத்து எடுத்தேன். வலது பக்கத்தையும் கொஞ்சம் ஒடுக்கிட்டா ரெண்டும் சேந்துரும்."

அது என் கல்யாணப் படம். அக்கா சொன்னாள் என்று ஸ்டுடியோக்காரர் கூராக்கிக் கொடுத்த மூக்கு அதில் இருக்கிறது. எங்கள் கூடத்தில் அந்த ஒரு படத்துக்குத்தான் இடம்.

"எப்படியும் தைக்கப்போறாங்க. கொஞ்சம் எடுப்பா தைச்சா என்னடி? சப்பை மூக்கின்னு கூப்பிட்டாங்கன்னு எத்தனை நாள் அழுதிருக்கே!" என்றாள் பக்கத்தில் நின்ற அக்கா.

அழுததெல்லாம் உண்மைதான். ஆனால் போன வாரம் என் மகளின் தலையணையை உதறினேன். துணிக் கொடியில் காணாமல்போன மஞ்சள் கிளிப் விழுந்தது. அவளுக்குப் பத்து வயது, அச்சு அசலாக என் மூக்கு. அதன் இரண்டு பக்கமும் கிளிப்பின் பல் பதிந்திருந்தது.

"தூங்கும்போது மாட்டிக்கிட்டா கூராயிடுமாம்மா. பெரியம்மா சொன்னாங்க."

 அந்தப் பல் தடம் இப்போது கண்முன் வந்தது. தட்டிலிருந்த ஸ்பிரிட் பஞ்சை எடுத்து நெற்றியைத் தேய்த்தேன்.

"என்னம்மா பண்றீங்க?" டாக்டரம்மா பதறினார்.

"அழிக்கிறேன். வலது பக்கம் முழுசா இருக்குல்ல? அதைப் பாத்து அளவெடுங்க."

"அப்ப நெத்தியில இன்னும் அகலமா எடுக்கணும். முழுசா இழுத்து மூட முடியாது, தழும்பு பெரிசா விழும்."

"விழட்டும்."

"அந்த மூஞ்சிய யாருடி பார்ப்பா?" அக்காவுக்குக் குரல் உடைந்தது.

"என் பொண்ணு பார்ப்பா. தெனமும்."

டாக்டரம்மா வேறொரு தகட்டை எடுத்து என் வலது மடலில் அழுத்தினார். வெட்டி, இடது பக்கத்துக்காகத் திருப்பிப் பிடித்தார்.

பாலம் அறுக்கும் வரை வீட்டுக்குள்ளேயே இரு என்றாள் அக்கா. கட்டுப் பிரித்த மறுநாளே, பாலம் தொங்கத் தொங்கக் கடையைத் திறந்தேன். அது நெற்றித் தோல் ஆனதால் மூக்கைத் தொட்டால் நெற்றியில்தான் கூசியது, எனக்கே சிரிப்பு வந்தது. வாய் பிளந்து பார்த்த ஒருவரிடம், "பாக்க வேண்டியது ஃபிரேமை. என் மூஞ்சி விலைக்கு இல்லை," என்றேன். அவர் இரண்டு ஃபிரேம் வாங்கிப் போனார்.

பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்தாள். சாப்பாட்டுத் தூக்கோடு அக்காவும் வந்திருந்தாள். மகள் விரல் நுனியால் என் வலது மடலைத் தொட்டாள், பிறகு வீங்கியிருந்த இடதைத் தொட்டாள். கடைசியில் தன்னுடையதைத் தடவிப் பார்த்தாள்.

"நம்ம மூக்கையே வச்சுட்டாங்களாம்மா?"

"வேற யாரோடத வைக்கிறது?"

அக்கா பெருமூச்சு விட்டாள். "சரி, நீதான் பிடிவாதம். இவளுக்காவது பெரியவளானதும் நல்ல டாக்டரா பாத்து..."

"எனக்கு ஒண்ணும் வேணாம் பெரியம்மா!" என்று கத்தினாள் மகள். பையில் இன்னும் ஒளித்து வைத்திருந்த மஞ்சள் கிளிப்பை எடுத்து அக்காவின் கையில் திணித்தாள்.

கோபத்தில் அவள் மூக்கு விடைத்து, இன்னும் அகலமாகியிருந்தது.